கரிசனை என்ற சொல்லை மாரியக்கா கேட்ட விதம்

போன மாதம் வேலையை விட்டேன். எனக்கு முப்பத்தைந்து வயது. ஆனாலும் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் வாட்ஸப் குழுவில் இப்போது என் பெயர் 'ஓய்வுபெற்ற எஸ்தர் அக்கா'. இதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. வேலையை விட்ட காரணம் ரொம்பச் சாதாரணமானது. வலது கைக் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ரத்தக் குழாய்களின் கிளாம்பை அழுத்தி அழுத்தி மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தும் பாதிதான் திரும்பியது. ஊசி போடுகிறவளுக்கு விரல்நுனி போனால் பிறகு என்ன இருக்கிறது?

சென்ற வாரம் குழுவில் கௌசல்யா ஒரு செய்தி போட்டாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அவள். பிரிவில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்களாம். நோயாளிகளுக்கு 'இதமான இசை' போட வேண்டுமென்று நிர்வாகம் சொல்லியிருக்கிறதாம். "நீங்க எப்பவும் முனங்குவீங்களே, அந்தச் சர்ச் பாட்ட உங்க சபைக்காரங்க புல்லாங்குழல்ல வாசிச்சது கிடைச்சிருக்குக்கா. காலை முதல் ஷிஃப்டுக்குத் தினமும் அதைப் போடட்டுமா?"

வேண்டாம் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். பதிலோடு விடுகிற பிள்ளை இல்லை. வாட்ஸப்பில் தட்டி விளக்குகிற விஷயமும் இல்லை இது. ஆகவே எழுதுகிறேன். கூடவே, அனுபவம் எழுதுங்கள் எழுதுங்கள் என்று பிரிவு உபசார நாளிலிருந்து நச்சரித்தவர்களுக்கும் இதுதான் பதில். இதற்கப்புறம் யாரும் கேட்கக் கூடாது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளஸ் டூ முடித்தேன், மதுரையில் டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பு, அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி. பயிற்சியில் கற்றது முக்கால்வாசி மெஷினைப் பற்றி. பிறகு கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தேன். இங்கே வந்த பிறகுதான் தண்ணீரைப் பற்றிக் கற்றுக்கொண்டேன்.

இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு ஒரு எரிச்சல். வடிகட்டும் பிளான்ட்டைக் காலையில் சோதிக்காமல் மெஷினைத் தொடக் கூடாது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில வினாடிகளில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கத்துவது அடுத்த எரிச்சல். ஆனால் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற எரிச்சல், நோயாளிகள் குடித்துவிட்டு வருகிற தண்ணீர். கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினால் தெரிந்துவிடும். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டால், "சத்தியமா இல்ல, ரசம்தான் குடிச்சேன்" என்பார்கள். ரசம் எதில் வைக்கிறார்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விளாத்திகுளம் வெயிலில் பருத்திக்காட்டில் நின்றுவிட்டு வருகிறவரிடம் இரண்டு டம்ளரோடு நாளை ஓட்டு என்று சொல்வது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் தினமும் சொன்னேன். தினமும் குடித்துவிட்டு வந்தார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், எங்களுக்கென்று கொண்டு வந்த கடலைமிட்டாயை, கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும் அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்து நோயாளிக்கும் பிட்டுக் கொடுப்பார்கள்.

எங்கள் இன்சார்ஜ் துரைராஜ் சார் இதற்கெல்லாம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு எரிச்சல். குரலை உயர்த்தாத மனிதரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தப்புச் செய்தால் திட்ட மாட்டார். "சரி, முதல்லருந்து" என்பார். முதலிலிருந்து என்றால் உண்மையிலேயே முதலிலிருந்துதான். கையுறையைக் கழற்ற வேண்டும், கையைக் கழுவ வேண்டும், மறுபடி கையுறை போட வேண்டும், புதுத் துணி விரிக்க வேண்டும். பக்கத்தில் நோயாளி கொட்டாவி விடுவார். சார் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய இன்னொரு வாக்கியம், "மொதல்ல கை."

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய் இரண்டை இணைத்திருப்பார்கள். அந்த இடத்தில் ரத்தம் வேகமாக ஓடும். தோலின்மேல் விரல் வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். நன்றாக இருக்கிற கையில் அது ரீங்காரம் மாதிரி இருக்கும். எங்கள் பிரிவில் அதற்கு வண்டு என்று பெயர். யார் வைத்த பெயரோ. "வண்டு ஓடுதா?" என்றுதான் நோயாளியும் கேட்பார், நாங்களும் கேட்போம். வண்டு இருந்தால் ஊசி போடலாம், மெஷினில் இணைக்கலாம். வண்டு நின்றுவிட்டால் அந்தக் கை அவ்வளவுதான். அதனால் உள்ளே நுழைந்ததும் திரையைப் பார்க்கக் கூடாது, எண்களைப் பார்க்கக் கூடாது, அலாரம் அடித்தால்கூட முதலில் நோயாளியின் கையைத் தொட்டுவிட்டுத்தான் மெஷின் பக்கம் திரும்ப வேண்டும். சார் மெஷினுக்கு முதுகைக் காட்டியபடியே வேலை செய்வார். மெஷின் கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஒருமுறை அரைமணி நேரம் புதுத் திரையின் பெருமைகளைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லது அண்ணாச்சி. இது கையத் தொடுமா?" என்றார் சார்.

இனி அந்தப் பாட்டு.

எங்கள் சபையில் ஒரு பாட்டு உண்டு. வெளியில் அதிகம் தெரியாது, எங்கள் பக்கத்துச் சபைகளில் மட்டும் பாடுவது. அதன் பல்லவி, 'கேளாமலே பெய்யும் கரிசனையே' என்று தொடங்கும். கரிசனை என்றால் அக்கறை. கடவுளின் அக்கறை நாம் கேட்காமலே மழையாகப் பெய்கிறது, பெறுகிறவனுடைய தகுதியை அது பார்ப்பதில்லை என்பது பொருள். என் அம்மாவுக்கு இந்தப் பாட்டுதான் மூச்சு. அடுப்பு பற்ற வைக்கும்போது பாடுவாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது பாடுவாள், ரேஷன் கடை வரிசையில் பாடுவாள். அவளுடைய போன் அடித்தாலும் அதுதான் பாடும்.

அப்பா நுரையீரல் நோயில் பத்து நாளுக்கு மேல் ஐ.சி.யூ.வில் கிடந்தார். அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து இதையே முணுமுணுத்தாள். அப்பா போய்விட்டார். அடக்க ஆராதனையில் மறுபடி இதையே பாடினார்கள். எந்த மழை, யார்மேல் பெய்தது என்று அன்றைக்கு நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுத்த சரணத்துக்குப் போனாள். அதன்பிறகு சபையில் அந்தப் பாட்டு தொடங்கினால் நான் வாயை மூடிக்கொள்வேன். என் வேலையில் தகுதி பார்க்காமல் எதுவும் நடக்காது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே எடுக்க வேண்டியது எவ்வளவு, ரத்த அழுத்தம் தாங்குமா, எல்லாம் அளவுதான். அளவே இல்லாத ஒன்றைப் பற்றிப் பாடுவது எனக்குப் பொறுப்பில்லாத பேச்சாகப் பட்டது.

இதுதான் என் நிலைப்பாடு என்று தெளிவாக இருந்தேன். அப்படியிருக்க, ஒருநாள் காலை மாரியக்கா கேட்டார்: "ஏட்டி எஸ்தரு, தெனமும் ஒரே பாட்டப் பாடுதியே, வேற பாட்டு தெரியாதா ஒனக்கு?"

மாரியக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நாகலாபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆடு மேய்க்கிற குடும்பம், கொஞ்சம் கம்பும் மிளகாயும் போடுவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் புருஷனோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பிரிவிலேயே அதிகம் வாய் பேசுகிறவர், சொன்னதை மிகக் குறைவாகக் கேட்கிறவர். "மாத்திர சாப்பிட்டீங்களா?" என்றால், "அது என்னைய சாப்பிடுது" என்பார்.

நான் பாடவே இல்லை என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். அப்புறம்தான் தெரிந்தது. காலையில் டயலைசர் வடிகட்டியிலும் குழாய்களிலும் சலைன் ஓட்டிக் காற்றுக் குமிழ்களை உள்ளங்கையால் தட்டித் தட்டி வெளியேற்றுவோம். அந்தத் தட்டுக்கு ஏற்றபடி அம்மாவின் பாட்டு என் தொண்டையில் ஓடியிருக்கிறது. எத்தனை வருடமாகவோ. எனக்குத் தெரியாமல் என் வாய் செய்த வேலை. வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"பொய்ப் பாட்டும்மா அது" என்று தொடர்ந்தார் அக்கா. "கேக்காமப் பெய்யுதாம் கரிசலிலே. எந்தக் கரிசல்ல பெய்யுது? நாங்க வீடு வீடா கஞ்சி வாங்கி மழைக்கஞ்சி ஊத்துதோம், கும்மி கொட்டுதோம், மாரிக்குப் பொங்க வைக்கோம். அப்பவும் மேகம் அருப்புக்கோட்டப் பக்கமாப் போயிருது. கேட்டே பெய்யல, கேக்காமப் பெய்யுதாம்."

"கரிசலிலே இல்லக்கா. கரிசனையே."

"அப்படின்னா?"

"அக்கறை."

"அக்கறைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு எங்க மண்ண இழுக்கீங்க?" என்றார். "கேக்காமக் குடுக்குத சாமிய எவன் மதிப்பான்?" என்றும் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஊசியை எடுத்தேன்.

அதிலிருந்து அவருக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் குமிழ் தட்டத் தொடங்கினால், "பெய்யுதா?" என்று கேட்பார். வாயை இறுக்க மூடிக்கொண்டு வேலை பார்க்கப் பழகினேன். தட்டுவதைக் குறைத்தேன். ஒரு குமிழ் தங்கி அலாரம் அடித்தது. சார், "சரி, முதல்லருந்து" என்றார்.

ஒரு ஐப்பசி மாதம் மாரியக்கா உள்ளே வந்து படுத்ததும் கையைத் தொட்டேன். வண்டு இல்லை. விரலை மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன். வெறும் தோல். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாரைக் கூப்பிட்டேன். சார் வந்து தொட்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார். கண்ணைத் திறந்து, "அடைஞ்சிட்டு அண்ணாச்சி" என்று அக்காவின் புருஷன் செல்லையாவிடம் சொன்னார்.

டாக்டர் வந்து விளக்கினார். அன்றைக்கே கழுத்தில் தற்காலிகக் குழாய் ஒன்றை வைத்து டயாலிசிஸ் செய்துவிடலாம். பிறகு திருநெல்வேலியில் வலது கையில் புது இணைப்பு ஆபரேஷன். ரத்தக்குழாய்கள் மெலிந்திருக்கின்றன, நிச்சயம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, முயற்சி செய்து பார்க்கலாம். அக்கா கடைசிவரை கேட்டார். எழுந்து உட்கார்ந்தார். தலையை முடிந்துகொண்டார்.

"கழுத்துல கயிறு கட்டுததுக்கு நான் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கெடாயா? போதும். வாங்க போவோம்" என்று புருஷனிடம் சொன்னார்.

நாங்கள் சொன்னோம். டாக்டர் சொன்னார். செல்லையா அண்ணாச்சி வாசலில் நின்றபடி எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாக்குவாதம் முடிவதற்குள் அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதே வரிசையில் படுத்திருந்த இரண்டு பேர் அப்படி நிறுத்தி இறந்துபோனதை அவரே பார்த்திருக்கிறார்.

அடுத்த முறைக்கு வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் கையில் இருந்த வேலை எதுவும் ஓடவில்லை. சாரிடம் புலம்பினேன். சார் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். "நான் போனா மரியாதையா டீ குடுத்து அனுப்பிருவா. நீ போனாத்தான் சண்டை போடுவா" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஒரு மெஷின காலியா வைக்கேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. நான் மழைக்கோட்டை எடுப்பதைப் பார்த்து, ஆராதனைக்கு வராமல் எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். தடுப்பாள், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். "போயிட்டு வா. ஒனக்கும் சேத்து நான் பாடிக்கிடுதேன்" என்றாள். சண்டைக்குக்கூட வழியில்லை.

தார்ச்சாலை வரை ஸ்கூட்டர் ஓடியது. அங்கிருந்து அக்காவின் ஊருக்கு மண்பாதை. வெயில் காலத்தில் இரும்பு மாதிரி கிடக்கிற பாதை. நனைந்த கரிசலில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். குச்சியால் தோண்டி எடுத்தால் பத்தடி போகும், மறுபடி நிற்கும். வண்டியைப் பஸ் நிறுத்தத்தில் போட்டுவிட்டு நடந்தேன். செருப்பில் மண் அப்பி, ஒவ்வொரு எட்டுக்கும் கனம் கூடி, கடைசியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன். பிறகு காலிலேயே அப்பிக்கொண்டது. மழைக்கோட்டுக்குள்ளும் தண்ணீர். வழியில் ஓர் ஆள் இல்லை. கேளாமலே பெய்யும், கேளாமலே பெய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். உரக்கவே பாடினேன். நக்கலாகப் பாடினேன். அப்பா போன பிறகு அந்தப் பாட்டை நான் தெரிந்து பாடியது அன்றைக்குத்தான்.

அக்கா ஆட்டுக் கொட்டத்தை ஒட்டிய தகரக் கூரைக்குக் கீழே, கயிற்றுக் கட்டிலில் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. என் கோலத்தைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் சிரிப்பு வந்தது.

"என்னட்டி, கரிசலு ஒன்னைய விடமாட்டேங்குதா?"

பழக்கம் விடாது. போனதும் கையைத் தொட்டேன், வண்டு நின்றுபோன கையையே. பிறகு கணுக்காலில் விரலை அழுத்தினேன். அழுத்தின குழி அப்படியே நின்றது. நெஞ்சில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாங்குமா என்பதே சந்தேகம்.

"ஒம் பாட்டு பலிச்சிட்டு, பாத்தியா" என்றார் அக்கா, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்தபடி. "இந்த வருசம் ஆரும் கஞ்சி ஊத்தல. ஊர்ல ரெண்டு கட்சியாப் போயிட்டானுவ. ஆரும் கேக்கல. பெய்யுது பாரு."

"பாட்டப் பத்திப் பேச வரலக்கா. கெளம்புங்க. சார் மெஷினோட காத்துக்கிட்டு இருக்காரு."

"மந்தையில ஒண்ணு நொண்டுனா அதுக்காக மந்தையே நிக்க முடியுமாட்டி? நொண்டிய வித்துட்டுப் போயிக்கிட்டே இருக்கணும். என்னால இவிய வாரத்துல ரெண்டு நாளு ஆட்ட அடைச்சுப் போட்டுட்டு பஸ்ஸுல தூங்கி விழுதாவ" என்று புருஷனைக் காட்டினார்.

செல்லையா அண்ணாச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். "நொண்டிய விக்குதவளா இவ?" என்றார் என்னிடம். "அந்தா நிக்கி பாருங்க தாயி." கொட்டத்தின் மூலையில் பின்னங்கால் மடங்கிய ஒரு கிடா, தழையை மென்றுகொண்டு நின்றது. "அஞ்சாறு வருசமா சும்மா திங்குது. யாவாரி வந்தா கட்டிலுக்குப் பின்னால மறைச்சு வச்சிருவா."

"அது ஆடு" என்றார் அக்கா.

எனக்கு அந்த இடத்தில்தான் பொறுமை போனது. காலில் மண், தலையில் தண்ணீர், எதிரே மூச்சுக்குத் திணறிக்கொண்டே வாதம் பண்ணுகிற பெண். நான் பேசியது முழுவதும் நினைவிருக்கிறது.

"நீங்க என்ன செஞ்சு கிழிச்சீங்கன்னு நான் வந்துருக்கேன்? என்னைக்காவது சொன்ன பேச்சக் கேட்டுருக்கீங்களா? தண்ணி கூடாதுன்னா மோரு குடிச்சீங்க. மாத்திரைய அந்தக் கெடாய்க்குப் போட்டீங்களோ என்னமோ. போன் அடிச்சா எடுக்கல. வரச்சொல்லி நீங்க என்னையக் கேக்கவும் இல்ல. ஒரு தகுதியும் கெடையாதுக்கா உங்களுக்கு. ஆனா வந்துருக்கேன். ஏன்னு எனக்கே தெரியல. பேசாம எந்திரிங்க."

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அந்தப் பாட்டுல இதுதான் வருதா?" என்றார்.

கேட்காமல், தகுதி பாராமல். பல்லவியும் முதல் சரணமும். அதைத்தான் இவ்வளவு நேரம் திட்டாகத் திட்டியிருக்கிறேன்.

"ஆமாக்கா" என்றேன்.

"ஒங்க சாமியும் இப்படித்தான் வைதுகிட்டே வருமோ?"

"சாமி எப்படின்னு தெரியாது. எனக்குக் கோவம் வருது."

அக்கா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. இருமி முடித்து, "வைதுகிட்டே வந்தவள எப்படித் திருப்பி அனுப்ப" என்றார். "அந்தப் பைய எடுங்க" என்று புருஷனிடம் கையை நீட்டினார்.

பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்தார். விதைப்பு நேரத்தில் வண்டியைக் கேட்டோமே என்று வழியெல்லாம் முணுமுணுத்தார், ஆனால் கொண்டுவந்தார். நான் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் தார்ச்சாலையில் நின்றது. அக்காவுக்கு ஆக்சிஜன் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த தடத்தில் அதற்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது.

சார் எதுவும் கேட்கவில்லை. முழங்கால்வரை இருந்த கரிசலைப் பார்த்துவிட்டு, "கழுவிட்டு வா. முதல்லருந்து" என்றார். எனக்கு அன்றைக்கு விடுமுறை என்று சொல்ல நினைத்தேன். கழுவிவிட்டு வந்தேன். டாக்டர் கழுத்தில் குழாய் வைக்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "கட்டுங்க, கட்டுங்க" என்றார். நான் சலைன் ஓட்டிக் குமிழ் தட்டினேன். பாட்டு வந்தது. இந்த முறை வருவது தெரிந்தது, நிறுத்தவில்லை.

தட்டிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் நினைவு வந்தது. இத்தனை வருடமும் அந்தப் பாட்டு என்னிடம் பொய் சொன்னதாகவே நினைத்திருந்தேன். அது மழையைப் பற்றித்தான் பேசுகிறது. விளைச்சலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. எங்கள் மானாவாரிக் காடுகளில் மழை பெய்த எல்லா வருடமும் விளைந்ததில்லை. அதற்காக மழை பெய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை, அடுத்த ஐப்பசிக்கு வானத்தைப் பார்க்காமலும் இருப்பதில்லை. அப்பா படுத்திருந்த வார்டில் முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் தன் ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவர் தலைமாட்டில் நின்றது நினைவுக்கு வந்தது. அதை யாரும் கேட்டிருக்கவில்லை. அம்மா எதைப் பாடிக்கொண்டிருந்தாள் என்று அப்போது கொஞ்சம் பிடிபட்டது.

அக்காவின் மூச்சிரைப்பு மெல்லத் தணிந்தது. படுக்க முடிந்தது. தூங்கிவிட்டார்.

திருநெல்வேலியில் வலது கை ஆபரேஷன் முடிந்து அக்கா கட்டோடு வந்த நாளில் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ பாரு" என்றார். கட்டுக்கு மேலே விரல் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. என் மூச்சை நிறுத்திக்கொண்டு இன்னும் லேசாக வைத்தேன். மிக மெலிதாக, தூரத்துத் தோட்டத்து மோட்டார் போல ஓடிக்கொண்டிருந்தது. வண்டு. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெய்யுதா?" என்றார்.

அதன்பிறகு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மோர் தொடர்ந்தது. மாத்திரைச் சண்டை தொடர்ந்தது. நொண்டிக் கிடாவும் தின்றுகொண்டேதான் இருக்கிறது. என் கடைசி நாளன்று அக்காவின் முறை. கையைத் தொட்டேன், என் விரலில் எதுவும் தெரியவில்லை. கௌசல்யாவைக் கூப்பிடத் திரும்பினேன். அக்கா விடவில்லை. கையைத் தூக்கி என் காதில் வைத்து அழுத்தினார். "வெரல்ல தெரியலன்னா காதுல கேளு" என்றார். கேட்டது, நன்றாகவே கேட்டது. அப்புறமும் கௌசல்யாவைக் கூப்பிட்டு அவள் விரலால் பார்க்கச் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே கௌசல்யா, ஸ்பீக்கரில் அதைப் போடாதே. புல்லாங்குழலில் அதற்கு வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாவிட்டால் மாரியக்காவுக்குச் சண்டை போட ஒன்றும் இருக்காது. சத்தத்தில் வண்டுச் சத்தமும் கேட்காது. உன் தொண்டையில் ஏதாவது பாட்டு தானாக வந்தால் வரட்டும், எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. மொதல்ல கை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆராதனைக்குப் போயிருந்தேன். அந்தப் பாட்டு எடுத்தார்கள். அம்மா பக்கத்தில் நானும் எழுந்து நின்று பாடினேன். பல்லவி முடிந்ததும் அம்மா முழங்கையால் இடித்தாள்.

"ஏட்டி, கரிசலிலே இல்ல. கரிசனையே."

தெரியும் என்றேன். அடுத்த தடவையும் அப்படியேதான் வந்தது.